மழையில் பதிவான முப்பதாண்டு: பவரொட்டியின் ஹைட் பார்க் ஆல்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

1991 ஜூலை 30. லண்டன் ஹைட் பார்க்கில் மாலை முழுக்க அடைமழை. மேடையில் இத்தாலியப் பாடகர், 55 வயது லூச்சானோ பவரொட்டி. அவர் ஓப்பரா என்னும் இசை நாடக மேடை ஏறி முப்பது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடும் இலவசக் கச்சேரி அது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்தார்கள். முன்வரிசையில் இளவரசர் சார்லஸ், இளவரசி டயானா, பிரதமர் ஜான் மேஜர். ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் லேயோனே மஜியேரா. குடைகள் மேடையை மறைத்ததால் அவற்றை மடக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். டயானாவும் மடக்கிவிட்டு, கடைசிவரை நனைந்தபடியே உட்கார்ந்திருந்தார். டெக்கா நிறுவனம் அந்தக் கச்சேரியை ஆல்பமாக வெளியிட்டது. ஏரியாக்களும் (ஓப்பராவில் வரும் தனிப்பாட்டுகள்) இத்தாலியப் பாடல்களும் கலந்த தொகுப்பு.

அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மழையையும் டயானாவையும் பற்றியே பேசுகிறார்கள். அதன் உண்மையான பலம் பாட்டுத் தேர்வில் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதுக் குரலுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நன்றாகத் தெரிந்தவர்கள் போட்ட பட்டியல் அது. மழையில் அந்தக் கச்சேரி கரைந்துபோகாததற்கும் அதுவே முதல் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

குரல் வந்த வழி

பவரொட்டி 1935 அக்டோபர் 12 அன்று வட இத்தாலியின் மோடனா நகரில் பிறந்தவர். அப்பா ரொட்டி சுடுகிறவர். அவரும் நல்ல டெனர்தான் (ஆண் குரலில் உயர்ந்த வகை). அர்ரீகோ போலாவிடமும், பிறகு எத்தோரே கம்போகல்லியானியிடமும் பயிற்சி. 1961 ஏப்ரல் 29 அன்று ரெஜ்ஜோ எமிலியா நகரின் முனிசிபல் அரங்கில், புச்சினியின் ‘லா போஹேம்’ ஓப்பராவில் கதாநாயகன் ரொடோல்ஃபோவாக அரங்கேற்றம். முப்பதாண்டுக் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. அந்த அரங்கேற்றத்தின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. ஹைட் பார்க் ஆல்பத்தைக் கேட்பதற்கு முன் அதைக் கேட்பது நல்லது. குரல் மெல்லியது, எடையில்லாதது, மேலே போகப் போக இன்னும் இலேசாகிறது.

1963-ல் லண்டன் கோவென்ட் கார்டன் ஓப்பரா அரங்கில் டெனர் ஜுசெப்பே டி ஸ்டெஃபானோ பாட முடியாமல் போனபோது அவருக்குப் பதிலாகப் பாடினார். 1965-ல் ஓப்பரா பாடகி ஜோன் சதர்லாண்டின் ஆஸ்திரேலியப் பயணத்தில் சேர்ந்துகொண்டார். வயிற்றிலிருந்து மூச்சைத் தாங்கும் முறையை அந்த அம்மாவிடம்தான் கற்றதாக அவரே பல முறை சொல்லியிருக்கிறார். டோனிசெட்டியின் ‘படைப்பிரிவின் மகள்’ ஓப்பராவில் ஒரே ஏரியாவில் ஒன்பது முறை வரும் மேல் சி சுரங்களை 1966-ல் கோவென்ட் கார்டனிலும், 1972-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அரங்கிலும் சுருதி இறக்காமல் பாடியதுதான் அவரை உலகப் பெயராக்கியது.

கர்நாடக இசை பழகிய காதுக்கு இந்தச் சுரங்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு முறை கணக்குப் போட்டுக்கொண்டால், பின்னால் வருவதெல்லாம் எளிதாகப் புரியும். 1 கட்டையில் பாடும் ஆண் பாடகரை எடுத்துக்கொள்வோம். அவருடைய தார ஸ்தாயி பஞ்சமம் மேற்கத்தியக் கணக்கில் ஜி. அதற்கு மேல் சதுஸ்ருதி தைவதம் ஏ, நொடிக்கு 440 அதிர்வு. கைசிகி நிஷாதம் பி பிளாட், 466. காகலி நிஷாதம் பி, 494. அதற்கும் மேலே அதிதார ஷட்ஜம், அதுதான் டெனர்களின் மேல் சி, 523. பொய்க்குரலுக்குத் தாவாமல் முழுக் குரலோடு இந்த இடங்களில் கார்வை கொடுத்து நிற்க வேண்டும், அதுவும் ஒலிவாங்கி இல்லாமல் அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டி. டெனரின் தொழில் அது.

டெனர் குரலில் ‘கடவு’ என்று ஓர் இடம் உண்டு. இத்தாலியர்கள் பஸ்ஸாஜ்ஜோ என்பார்கள். ஈ முதல் ஜி வரை, நம் கணக்கில் தார காந்தாரத்திலிருந்து பஞ்சமம் வரை. இங்கே வந்ததும் உயிரொலியைச் சற்று மூடிக் குவிக்காவிட்டால் குரல் கத்தலாகிவிடும். அளவுக்கு மீறி மூடினால் விழுங்கினது மாதிரி மங்கும். பவரொட்டியின் பெருமை மேல் சி என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் கடவைச் சொல் சிதையாமல் அவர் கடந்த விதம்தான் அதைவிடப் பெரிது. குரல் எங்கே திரும்பியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. 1991-லும் அது அவரிடம் அப்படியே இருந்தது.

அந்த வயதில் போனவை வேறு. ஐம்பதைத் தாண்டும்போது குரல்வளைக் குருத்தெலும்புகள் இறுகத் தொடங்குகின்றன. நுரையீரலின் கொள்ளளவு குறைகிறது. நொடிக்கு ஐந்தரை முதல் ஆறரை முறை சீராக அலையும் குரல் மெதுவாகி, அகலமாகி, ஆட்டமாகத் தெரியத் தொடங்கும். மேல் சியை எப்போது கேட்டாலும் தர முடியும் என்ற உறுதி முதலில் போகும். அடுத்து நீண்ட மென்குரல் போகும். ஒரே மூச்சில் முன்பு பாடிய வரியை இரண்டாக வெட்ட வேண்டிவரும். நிறமும் சொல்லும் கடைசிவரை நிற்கும்.

பட்டியல் எப்படிப் போடப்பட்டது

விழா ஆல்பம் என்றதும் பாடகரும் நிறுவனமும் செய்யும் முதல் தவறு, இளமையின் சாதனைகளை வரிசையாகத் திரும்பச் செய்து காட்டப் பார்ப்பது. ஹைட் பார்க்கில் ஒன்பது மேல் சிக்களை யாரும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. ஐந்து உருப்படிகளைப் பார்த்தாலே கணக்குத் தெரியும்.

வெர்டியின் ‘லூயிசா மில்லர்’ ஓப்பராவில் (1849, நேப்பிள்ஸ்) ரொடோல்ஃபோ பாடும் ‘குவாண்டோ லே செரே அல் பிளாசிடோ’. ஏமாற்றப்பட்டதாக நம்பும் காதலன் பழைய மாலைகளை நினைத்துப் பாடுவது. இதில் உச்ச சுரப் பகட்டு கிடையாது. குரல் நடுவிலும் கடவிலும் குடியிருக்கிறது. வேலை முழுதும் வரியை அறுக்காமல் இழுப்பதில் இருக்கிறது. முதிர்ந்த குரலுக்கு ஏற்றது, ஆனால் சுலபமானதல்ல. மூச்சு குறைந்திருந்தால் மறைக்க இடமே இல்லாத பாட்டு. பவரொட்டி இங்கே சொற்களை முன்னுக்குத் தள்ளி, மெய்யெழுத்துகளைக் கொண்டு வரியைத் தாங்குகிறார்.

லியோன்கவல்லோவின் ‘பாலியாச்சி’யில் (1892, மிலான்) ‘வெஸ்தி லா ஜுப்பா’. உச்சம் ஏ மட்டுமே. மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கேட்பவர்களுக்கு இது பெரிய உச்சமாகத் தோன்றக் காரணம் சுரத்தின் உயரமல்ல, அங்கே ஏறிவரும் விதம். ‘சிரி, கோமாளியே’ என்று இசை படிப்படியாகத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துகிறது. முடிவில் பலரும் போடும் விம்மல் மேடை மரபில் வந்தது. அதை மிகையாகச் செய்தால் தொண்டை இறுகி, அடுத்த உருப்படி கெடும்.

புச்சினியின் ‘மனோன் லெஸ்கோ’விலிருந்து (1893, டூரின்) ‘டோன்னா நோன் வீடி மாய்’. இதைத்தான் இளவரசரின் அனுமதியோடு டயானாவுக்குக் காணிக்கையாக்கினார். இரண்டரை நிமிடம், உச்சம் பி பிளாட். ‘இவள்போல் ஒருத்தியைக் கண்டதில்லை’ என்று தொடங்குவது. சார்லஸுக்கும் டயானாவுக்கும் திருமணமான பத்தாம் ஆண்டு அதற்கு முந்தைய நாள்தான் நிறைந்திருந்தது. ஆர்கெஸ்ட்ரா பாடகரின் மெட்டையே கூடவே வாசித்துக்கொண்டு வருவதால் குரலுக்கு நல்ல தாங்கல் கிடைக்கிறது. புச்சினி செய்து வைத்த உதவி இது. விழா ஆல்பங்களில் புச்சினி அதிகம் இடம்பெற இதுவும் ஒரு காரணம்.

பாடல்களில் எர்னெஸ்டோ டெ குர்டிஸின் ‘நோன் டி ஸ்கோர்டார் டி மே’. 1935-ல் டெனர் பெனியாமினோ ஜில்லி நடித்த படத்துக்காக எழுதியது. வெயிலில்லாத குளிர்ந்த என் நாட்டைவிட்டுக் குருவிகள் பறந்துவிட்டன என்று அதன் முதல் வரி சொல்கிறது. லண்டன் மழையில் அந்த வரிக்கு அன்று தனிப் பொருத்தம் இருந்தது. இத்தகைய பாடல்களை வெறும் இளைப்பாறல் என்று நினைக்கக் கூடாது. ஏரியாவில் ஆர்கெஸ்ட்ராவும் கதையும் பாதிப் பாரத்தைச் சுமக்கும். பாடலில் சொல்லும் தாளக் குழைவும் மட்டும்தான். ஒரே மெட்டு இரண்டாம் அடியிலும் வரும். அதே நிறத்தில் பாடினால் அலுத்துவிடும். முதல் அடியைப் பேசுவதுபோல் விட்டு, இரண்டாம் அடியில் ஒரு சொல்லில் மட்டும் காலத்தை நிறுத்துவதை அவரிடம் கேட்கலாம்.

ஐந்தாவது, புச்சினியின் ‘டூரன்டோ’ ஓப்பராவில் வரும் ‘நெஸ்ஸுன் டோர்மா’. அதற்குப் பிறகு வருவோம்.

இப்படிப்பட்ட கச்சேரியில் இடையிடையே ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கும் முன்னிசைகளைச் செருகுவார்கள். பவரொட்டியின் பெருங்கச்சேரிகளில் புல்லாங்குழல் கலைஞர் ஆந்த்ரேயா கிரிமினெல்லி பல முறை இந்த இடைவெளிகளை நிரப்பியிருக்கிறார். இதைச் சாக்குப்போக்காக யாரும் நினைக்க வேண்டாம். கடுமையான இரண்டு ஏரியாக்களுக்குப் பின் குரல்நாண்கள் தணிய ஐந்து முதல் எட்டு நிமிடம் தேவை. தண்ணீர் குடித்து, பேசாமல் இருக்க வேண்டும். இடைவெளி மூன்று நிமிடமாகச் சுருங்கினால், பிற்பாதியில் சுருதி கீழே தொங்கும். அதைப் பயிற்சியின்மை என்று பலர் தவறாக எடுத்துக்கொள்வார்கள். அது களைப்பு.

சுருதியை இறக்கலாமா

மூத்த டெனருக்கு அரைக் கட்டை இறக்கிக் கொடுப்பது பழைய வழக்கம். ‘லா போஹே’மின் ‘கே ஜெலிடா மனீனா’ ஏரியாவில் மேல் சி பி ஆகிவிடும். வெர்டியின் ‘டி குவெல்லா பிரா’வும் அப்படித்தான் பலரால் பாடப்படுகிறது. பவரொட்டியும் பிற்காலத்தில் இப்படி இறக்கிப் பாடியிருக்கிறார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் விலை உண்டு, அந்த விலையைக் கொடுப்பது ஆர்கெஸ்ட்ரா.

வயலினின் திறந்த தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. டி மேஜரில் (டியை ஆதார சுரமாகக் கொண்டு) எழுதிய இசையில் இவை தாமாகவே கூட அதிர்ந்து ஒலியைத் திறக்கும். அரைக் கட்டை இறக்கி டி பிளாட்டுக்குக் கொண்டுவந்தால் இந்த நான்கில் ஒன்றுகூட முக்கிய சுரங்களோடு ஒத்துப்போகாது. கூட அதிர்வு நின்று, ஒலி மங்கும். நெஸ்ஸுன் டோர்மாவின் உச்சப் பகுதி டி மேஜரில்தான் இருக்கிறது. பாடகருக்கு அரைக் கட்டை லாபம். பாட்டின் வெளிச்சம் அந்த அளவுக்குக் குறையும். அதோடு, எல்லா வாத்தியத்துக்கும் புதிய பிரதி எழுதி, ஒத்திகைக்கு முன்பே சரிபார்த்தாக வேண்டும். ஒத்திகையன்று காலையில் ‘இறக்கிவிடலாம்’ என்று முடிவெடுத்தால் பித்தளை வாத்தியக்காரர்களில் ஒருவர் நிச்சயம் பழைய சுருதியில் நுழைவார்.

எங்கள் வாதம் இதுதான்: இறக்கிப் பாட வேண்டிய பாட்டு என்றால், முதலில் வேறு பாட்டைத் தேடுங்கள். ஹைட் பார்க் பட்டியலில் மேலே சொன்ன ஐந்தும் பியைத் தாண்டவில்லை. பெரும்பாலும் ஏ, பி பிளாட்டோடு நிற்கின்றன. மேல் சி இல்லாத குறையை அந்தப் பூங்காவில் யாரும் உணரவில்லை.

திறந்த வெளியும் மழையும்

அரங்கில் டெனரின் குரல் ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி வருவதற்குப் பௌதிகக் காரணம் உண்டு. ஆர்கெஸ்ட்ராவின் ஒலிச்சக்தி நொடிக்கு 500 அதிர்வு அளவில் குவிகிறது. பயின்ற பாடகரின் குரலில் 3,000 அதிர்வுக்கு அருகில் ஒரு மேடு எழும்புகிறது. நம் காது அந்தப் பகுதியில்தான் மிகக் கூர்மையானது. சுவர்கள் அந்த மேட்டைத் திருப்பி அனுப்ப, பாடகர் தன் குரல் அரங்கை நிறைப்பதைத் தானே கேட்டு நிதானமாகிறார்.

பூங்காவில் சுவர் கிடையாது. தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி ஆறு டெசிபெல் இறங்கும். 10 மீட்டரிலிருந்து 320 மீட்டருக்குப் போனால் 30 டெசிபெல் போய்விடும். ஆகவே ஒலிபெருக்கி கட்டாயம். பாடகருக்கோ தன் குரல் திரும்பி வருவதில்லை. இளைய பாடகர் பலரும் இங்கே செய்யும் பிழை, வராத குரலைத் தேடிக் கூடுதலாக அழுத்துவது. இரண்டாவது ஏரியாவிலேயே தொண்டை காய்ந்துவிடும். திரும்பி வரும் ஒலியை நம்பாமல், உடம்பில் உணரும் அதிர்வை வைத்தே அளவைப் பிடிப்பதற்குப் பல ஆண்டு மேடைப் பழக்கம் வேண்டும். இந்த ஓர் இடத்தில் வயது சாதகம்.

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளிக் கோபுரம் நட்டு ஒலிபெருக்கி வைத்தால், அதற்கு ஏறக்குறைய 0.29 நொடி தாமதம் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் பத்து முதல் இருபது மில்லிநொடி சேர்த்தால் குரல் கோபுரத்திலிருந்து வராமல் மேடையிலிருந்து வருவதாகவே காது நம்பும். தாமதம் தவறினால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். இத்தாலிய மெய்யெழுத்துகள் குழம்பி, பாட்டு வெறும் உயிரொலிச் சத்தமாகிவிடும்.

மழை வாத்தியங்களைத்தான் முதலில் தாக்கும். ஈரத்தில் வில்லின் குதிரைமுடி நீண்டு தளரும், மரப் பிருடைகள் ஊதி இறுகும். காற்று குளிர்ந்தால் ஊதுவாத்தியங்கள் ஒவ்வொரு டிகிரிக்கும் அரைச் சுரத்தில் ஏறக்குறைய நூறில் மூன்று பங்கு கீழே போகும். ஐந்து டிகிரி இறங்கினால் பதினைந்து பங்கு. எஃகுத் தந்திகளோ குளிரில் இறுகி மேலே ஏறப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் பாடகர் நிற்கிறார். அவர் எந்தப் பக்கம் சேர்வது? அனுபவமுள்ள நடத்துனர் உருப்படிக்கு உருப்படி, சுருதி சேர்க்க, ஓபோ என்ற ஊதுவாத்தியத்திடம் ஏ கேட்டு வாங்கிக்கொண்டே இருப்பார். மஜியேரா மோடனாக்காரர், பவரொட்டியை இளமையிலிருந்தே அறிந்தவர், முதலில் பியானோ பக்கவாத்தியமாக இருந்தவர். பாடகர் எங்கே மூச்சு எடுப்பார் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த மாலையில் அந்தப் பழக்கத்துக்கு ஈடு வேறெதுவும் இல்லை.

குடை விஷயத்தில் பார்வையைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். ஆயிரக்கணக்கான குடைத்துணிகளில் விழும் மழை, எல்லா அலைவரிசையிலும் பரவிய இரைச்சலை உண்டாக்கும். குடைகளை மடக்கியது காதுக்கும் நல்லது.

பதிவில் கவனிக்க வேண்டியவை

மழைக் கச்சேரியில் பதிவுக்காரர்களின் முதல் கவலை ஒலிவாங்கி. சாதாரணக் கன்டென்சர் ஒலிவாங்கியில் ஈரம் புகுந்தால் மின்னூட்டம் கசிந்து ‘பட் பட்’ என்று வெடிக்கும். உயர் அதிர்வெண் சுற்று முறையில் இயங்கும் ஒலிவாங்கிகள் ஈரத்தை நன்றாகத் தாங்கும். திறந்தவெளிக்கு அவையே பாதுகாப்பு. காற்றுத் தடுப்பு நுரை நனைந்தால் மேல் அதிர்வுகள் மங்கும், மாற்றுக்கு ஒன்று கையருகே இருக்க வேண்டும். பாடகருக்கு நெருக்கமான ஒலிவாங்கி வைக்கும்போது தாழ்ந்த சுரங்கள் இயல்பைவிடப் பருக்கும். ஓர் அடி விலகினாலே குரலின் நிறம் மாறும். பவரொட்டி பெரும்பாலும் கையில் வெள்ளைக் கைக்குட்டையோடு ஒரே இடத்தில் நின்று பாடியவர். 1973-ல் அமெரிக்காவில் தன் முதல் தனிக்கச்சேரியில் சளித்தொல்லைக்காகப் பிடித்த கைக்குட்டை அது, பிறகு அடையாளமாகிவிட்டது. இப்படி நகராமல் நிற்கும் பாடகர் பதிவுக்காரருக்குப் பெரிய வரம்.

திறந்தவெளியில் எதிரொலி இல்லாததால் ஒலி வறண்டு வரும். கலவையின்போது செயற்கை எதிரொலி சேர்ப்பது வழக்கம். இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது அதனால்தான் குரல் கையெட்டும் தூரத்திலும், ஆர்கெஸ்ட்ரா சற்றுத் தட்டையாகவும் தெரிகின்றன. குரலின் பெருமை உண்மையா ஒலிவாங்கியின் வேலையா என்ற சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. உரத்த சுரங்களை விட்டுவிட்டு, வரிகளின் கடைசி எழுத்துகளைக் கேளுங்கள். எந்தக் கருவியாலும் அவற்றைச் செய்து தர முடியாது. இங்கே அவை சுத்தமாக முடிகின்றன.

பிசகிய பிற மாலைகள்

அடுத்த ஆண்டே இரண்டு சறுக்கல். 1992 செப்டம்பரில் மோடனாவில் நடந்த நிகழ்ச்சியில் முன்னரே பதிவுசெய்த பாட்டுக்கு வாயசைத்தது தெரியவந்து, ஒளிபரப்பிய பி.பி.சி. பணத்தைத் திரும்பக் கேட்டது. டிசம்பரில் மிலானின் லா ஸ்கலா ஓப்பரா அரங்கில் ரிக்கார்டோ மூட்டி நடத்திய வெர்டியின் ‘டான் கார்லோ’வில் குரல் பிசிறியபோது மேல்மாடத்திலிருந்து கூச்சல் எழுந்தது. 2006 பிப்ரவரி டூரின் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில், கடுங்குளிரில் அவர் பாடியதாக உலகம் பார்த்த நெஸ்ஸுன் டோர்மா முன்னரே பதிவு செய்யப்பட்டது. அதைப் பின்னர் சொன்னவர் மஜியேராவே. 70 வயதில், நோயுற்ற உடம்புக்கு அந்தக் குளிரில் வேறு வழியில்லை. இவற்றை வைத்துப் பார்க்கும்போது ஹைட் பார்க்கின் மதிப்பு கூடுகிறது. அங்கே பாடியது அந்த மாலையின் குரல்.

கடைசி உருப்படி

புச்சினி 1924-ல் இறந்தபோது ‘டூரன்டோ’ முடிந்திருக்கவில்லை; 1926 ஏப்ரலில் லா ஸ்கலாவில் அரங்கேறியது. நெஸ்ஸுன் டோர்மா அதன் மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் வருவது. ஓப்பராவில் அது முடிவதே இல்லை, ஆர்கெஸ்ட்ரா நேரே அடுத்த காட்சிக்குள் ஓடிவிடும். கச்சேரிக்காக ஒரு முடிவைத் தனியாக ஒட்டுகிறார்கள். 1990 உலகக் கோப்பைக் கால்பந்து ஒளிபரப்புக்கு பி.பி.சி. எடுத்துக்கொண்டது, சுபின் மேத்தா நடத்திய 1972 பதிவை; அது பிரிட்டிஷ் பாப் தரவரிசையில் இரண்டாம் இடம்வரை போனது. ஹைட் பார்க்கில் நனைந்தவர்களில் கணிசமானோர் அந்தப் பாட்டின் வழியாகவே வந்து சேர்ந்தவர்கள். அதனால் 55 வயதுக்காரர் தன் 36 வயதுப் பதிவோடு போட்டிபோட வேண்டியிருந்தது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கடைசி ‘வின்ச்செரோ’வில் (‘வெல்வேன்’) புச்சினி எழுதியது, பி ஒரு மிகச் சிறிய சுரம், உடனே ஏயில் இறங்கி அங்கே நீண்ட கார்வை. டெனர்கள் பியில்தான் நிற்கிறார்கள். பவரொட்டியும் அப்படியே. 1972-ல் அந்த பி வில்லிலிருந்து விடுபட்ட அம்புபோல் தனியாக மேலே நிற்கிறது. 1991-ல் நிறம் கறுத்திருக்கிறது, விளிம்பு சற்றுத் தடித்திருக்கிறது, கார்வையின் நடுவில் அலைவு ஒரு நூல் அகலமாகிறது. ஆனால் சுருதி நகரவில்லை. ஏயில் இறங்கும்போது உயிரொலி மூடியபடியே இறங்குகிறது, கூட்டத்தின் ஆரவாரம் அதன்மேல் விழுகிறது.